இடது கைக் குலுக்கல்

பல் மருத்துவனுக்குக் கூட்டம் என்றாலே பிடிக்காது. அத்தனை வாய்கள் ஒரே நேரத்தில் திறந்து மூடுவதைப் பார்த்தால் வேலை ஞாபகம் வந்துவிடும். என் மகள் சேர்ந்திருந்த சாரணப் படையின் பெற்றோர் கூட்டத்துக்கு நான் போனதற்கு ஒரே காரணம், என் மனைவி வாசலில் நின்று, "நீங்க போறீங்களா, இல்ல நான் போகட்டுமா?" என்று கேட்ட விதம்.

சாரணர் சங்கத்தின் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். மேடையில் சங்கத்தின் ஆணையர் நின்றார். சட்டை தெரியாத அளவுக்கு மார்பில் பட்டைகள், பதக்கங்கள். வாயில் ஓர் இரும்பு விசில். பேசாத நேரத்தில் அதை வலது பக்கக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருந்தார். கீழ்வரிசையில் ஒரு பல் குழி விழுந்து கறுத்திருந்தது. கடைசி வரிசையிலிருந்தே எனக்கு அது தெரிந்தது.

"இந்தப் படைக்குத் தலைவர் இல்லை. போன தலைவர் ஓய்வில இருக்கார்" என்றார் ஆணையர். எந்த மருத்துவமனையில் என்று யாரும் கேட்கவில்லை. "புதுத் தலைவர் கிடைக்கலைன்னா இந்த வாரத்தோட படையைக் கலைச்சிடுவோம். யாராவது ஏதாவது கேக்கணுமா?"

கூட்டம் எப்போது முடியும் என்று கேட்பதற்காக நான் கையைத் தூக்கினேன். எழுதுவது, பல் தேய்ப்பது, பல் பிடுங்குவது எல்லாமே எனக்கு இடது கைதான். அதனால் தூக்கியதும் இடது கைதான். கூடமே எழுந்து கைதட்டியது. சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள். இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கை அதுவாம். அந்தக் கையைத் தூக்கினால் தன்னையே சங்கத்துக்குக் கொடுப்பதாக அர்த்தம். இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"ஐயா, நான் நேரம் கேக்கத்தான் கையைத் தூக்கினேன்" என்றேன்.

"நேரம் என்ன, உங்களையே கொடுத்துட்டீங்க!" என்று சொல்லி, ஆணையர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் இடது கையைப் பிடித்து உலுக்கினார். தோள்பட்டை கழன்றுவிடுமோ என்று இருந்தது. அத்தனை பக்கத்தில் அவர் வாயைப் பார்த்ததும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. "ஐயா, கீழ்ப் பல் ஒண்ணு ரொம்பக் கெட்டிருக்கு. விசிலைக் கடிக்காதீங்க. சீக்கிரம் காட்டிடுங்க."

"சாரணனுக்கு வலி கிடையாது" என்றார் ஆணையர்.

அன்றைக்கே மறுத்திருக்கலாம். மறுக்காததற்குக் காரணம் என் மகள். இந்த ஊருக்கு நாங்கள் மாறி வந்ததிலிருந்து அவளோடு யாரும் சேரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பெற்றவனுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. இந்தப் படையில் சேர்ந்த பிறகுதான் ஒரு கூட்டம் அவளைச் சேர்த்துக்கொண்டு, பட்டப்பெயர் வைத்து, தெருவிலிருந்தே கத்திக் கூப்பிட்டது. கொசு. அந்தப் பெயரை அவள் ராணிப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தாள். வீட்டில் இருந்த நாற்காலி, மேசை, என் கால் எதையும் விடாமல் முடிச்சுப் போட்டுப் பழகினாள். படை கலைந்தால் அவள் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்காருவாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

தலைவர்களுக்கான பயிற்சி அடுத்த வாரம் அதே கூடத்தில் நடந்தது. என்னோடு ஒரு வங்கிக்காரம்மா, ஒரு பேருந்து ஓட்டுநர், இன்னும் சில அப்பாவிகள். ஆணையர் தொடக்க உரை நிகழ்த்தினார்.

"பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு முகாம்ல ஒரு பிள்ளைக்குக் கத்தி பட்டு விரல்ல ரத்தம். ரத்தத்தைப் பார்த்ததும் தலைவர் மயங்கி விழுந்துட்டார். அந்தப் பிள்ளை தானே கட்டுப் போட்டுக்கிட்டு, தலைவரையும் முதுகுல தூக்கிட்டு வந்து சேர்ந்துச்சு. சங்கத்துக்கு எப்பேர்ப்பட்ட அவமானம்! அந்தப் பிள்ளையை அன்னைக்கே நீக்கிட்டோம். அதுக்கப்புறம் ஒரு குழு போட்டு யோசிச்சோம். குழு சொன்ன முடிவு இது: தலைவரோ பிள்ளையோ, தான் படாத காயத்துக்கு யாரும் கட்டுப் போடக் கூடாது."

வங்கிக்காரம்மா குறிப்பு எடுப்பதை நிறுத்தினார். பேருந்து ஓட்டுநர் எழுந்து, "அப்போ நீங்க எல்லாக் காயமும் பட்டிருக்கீங்களாங்க?" என்று கேட்டார்.

"ஆணையர் கட்டுப் போட மாட்டார். உத்தரவு போடுவார்" என்றார் ஆணையர்.

பயிற்சியாளருக்குச் 'சுத்தியல்' என்று பெயர். கூடாரத்துக்கு முளை அடிக்கும் மரச்சுத்தியலை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார். ஆனால் மனுஷன் தங்கம். வெட்டும்போது கூட, "கண்ணை மூடிக்கிறீங்களா? முடிஞ்சதும் சொல்றேன்" என்று தன்மையாகக் கேட்பார். முதலில் கத்திக் காயம். வரிசையில் நின்று முன்கையை நீட்டினோம். சுத்தியல் கீறினார், ஊதினார், அளவுகோல் வைத்துப் பார்த்தார். வங்கிக்காரம்மாவின் காயம் நீளத்தில் கொஞ்சம் குறைந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா, விதி" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கீறினார். அந்தம்மா கத்திய கத்தலில் ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்துபோயின.

பிறகு தீக்காயம். கெட்டிலில் தண்ணீர் கொதித்ததும் ஒவ்வொருவர் புறங்காலிலும் ஒரு கரண்டி. பிறகு உயரத்திலிருந்து விழுதல். மேடையின் விளிம்பில் நிறுத்தி, பின்பக்கமாகத் தள்ளினார்கள். பிறகு நாய்க்கடி. இதற்காகக் காவல் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு நாயை வரவழைத்திருந்தார்கள். அது என் தொடையையும் மற்றவர்கள் தொடையையும் ஒழுங்காகக் கடித்துவிட்டு, பேருந்து ஓட்டுநர் முறை வந்தபோது சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டது. சுத்தியல் அதன் காதில் கெஞ்சினார். ஆணையர் விசில் அடித்தார். கடைசியில் ஓட்டுநரே அதன் வாலை மிதிக்க வேண்டியதாயிற்று. எங்கள் இரத்தம் தரையில் சொட்டியபோதெல்லாம் ஒரு பெரியவர் துடைப்பத்தோடு வந்து, எங்களைத்தான் முறைத்தார்.

கடைசிப் பாடம் எலும்பு முறிவு. அதைக் கேட்டதும் பேருந்து ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் குதித்தார். கீழே விழுந்து கால் முறிந்தது. ஆணையர் எட்டிப் பார்த்து, "பிரமாதம்! சொந்த முயற்சி!" என்று பாராட்டி, அங்கிருந்தே அவருடைய சான்றிதழைக் கீழே போட்டார்.

என் முறை வந்தது. மேசைமேல் ஒரு செங்கல்லும், செங்கல்மேல் ஒரு துணியும் இருந்தன.

"வேலை செய்யற கையை நாங்க தொட மாட்டோம்" என்றார் ஆணையர் கருணையோடு. "சங்கத்துக்கு மனிதாபிமானம் முக்கியம். இடது கையை வைங்க."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "ஐயா, நான் பீச்சாங்கைக்காரன். எனக்கு வேலை செய்யற கையே இதுதான். இந்தக் கையாலதான் பல் பிடுங்கறேன். இதுலதான் எங்க வீட்ல அடுப்பு எரியுது. வேணும்னா வலது கையை ஒடிச்சுக்குங்க."

ஆணையர் விசிலைக் கடித்தபடி யோசித்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையே. எல்லாருக்கும் வலது கைதான் வேலை செய்யற கை. நீங்க ஒருத்தர் பழக்கத்தை மாத்தி வெச்சிருக்கீங்கன்னு சங்கம் மாற முடியுமா? இஷ்டம் இல்லைன்னா போகலாம். படையைக் கலைச்சிடறோம்."

கூடத்துக்கு வெளியே பிள்ளைகள் அணிவகுப்புப் பழகிக்கொண்டிருந்தார்கள். "ஏய் கொசு, காலை மாத்துடி!" என்று ஒரு குரல் கேட்டது. தொடர்ந்து என் மகளின் சிரிப்புக் கேட்டது. நான் இடது கையைச் செங்கல்மேல் வைத்தேன். சுத்தியல் என் முகத்தைப் பார்க்காமல், "கண்ணை மூடிக்கிறீங்களா?" என்றார்.

மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு எலும்புகள். ஈர விறகு முறிவது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்துக்கு அந்த நாய்கூட எழுந்து வெளியே போய்விட்டது.

எலும்பு மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டு, கையைக் கழுத்தில் தொங்கவிட்டார். "டாக்டருக்கு டாக்டர் ஒளிக்காம சொல்றேன். ஒழுங்கா ஒட்டிடும். ஆனா இதே இடத்துல இன்னொரு தடவை அடி பட்டுச்சுன்னா, நீங்க பல் பிடுங்கற கொறடு பிடிக்கறதை மறந்துட வேண்டியதுதான்."

வீட்டில் என் மனைவி, கிளினிக் கதவில் மாட்டுவதற்கு 'விடுமுறை' என்று அட்டையில் எழுதிக்கொண்டே சொன்னாள்: "ஊர்ல எல்லா அப்பாவும் பிள்ளைக்கு சைக்கிள் வாங்கித் தராங்க. நீங்க கையை ஒடிச்சுத் தரீங்க. இன்னொரு தடவை அந்தக் கைல ஒரு கீறல் விழுந்தாலும் அந்த ஆணையரை நானே வந்து பார்த்துக்கறேன்."

"வேண்டாம்மா. அவங்க சங்கத்துல கொலைக்கும் ஒரு சான்று வெச்சிருப்பாங்க" என்றேன்.

முகாம் ஒரு காட்டோரத்தில் நடந்தது. சுற்றிலும் முள்வேலி, ஒரே ஓர் இரும்புக் கதவு, பக்கத்தில் பாழுங்கிணறு. தலைவர்கள் அவரவர் தொழில் சாமான்களோடு வர வேண்டும் என்பது விதி என்பதால் நானும் என் பையோடு போயிருந்தேன். கதவருகே ஆணையரே நின்று சோதனை போட்டார். மரத்துப்போகச் செய்யும் மருந்துக் குப்பிகளையும் ஊசியையும் வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன?"

"பல் பிடுங்கும்போது வலி தெரியாம இருக்கறதுக்குங்க."

"வலி தெரியலைன்னா அனுபவம் எப்படிங்க வரும்?" என்று கேட்டு, அத்தனையையும் கிணற்றில் போட்டார். எங்கள் கைபேசிகளை ஒரு சாக்கில் கட்டி நாங்கள் வந்த லாரியில் திருப்பி அனுப்பினார். லாரி போனதும் கதவைப் பூட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வணக்கம் வைக்கச் சொல்லி, சாவியையும் கிணற்றில் போட்டார். 'பின்வாங்காமைச் சடங்கு' என்று அதற்குப் பெயர். முகாமின் கடைசி நாளில் இன்னொரு சாவியோடு லாரி வரும். அதுவரை யாருக்கு என்ன ஆனாலும் கதவு திறக்காது.

கொடியேற்றத்தில் ஆணையர் பேசினார். "பிள்ளைங்களா! வலிங்கறது கோழைகள் கண்டுபிடிச்சது! என் வாழ்க்கையில நான் ஒரு தடவைகூட வலின்னு சொன்னதில்லை. ஏன்? எனக்கு எதுவுமே ஆனதில்லை! அதுதான் ஒழுக்கம்!" சொல்லிவிட்டு, அழுத்தம் கொடுப்பதற்காக விசிலை நறுக்கென்று கடித்தார். டக் என்று ஒரு சத்தம். விசிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாலைக்குள் அவருடைய வலது கன்னம் ரொட்டி மாவு மாதிரி உப்பிவிட்டது. மறுநாள் காலையில் கண்ணும் மூடிக்கொண்டது. கூடாரத்துக்குள்ளிருந்து விசித்திரமான சத்தங்கள் வந்தன. "ஐயா தியானத்துல இருக்காங்க" என்று சுத்தியல் பிள்ளைகளிடம் சொன்னார்.

மதியம் சங்கத்து முறைப்படி வைத்தியம் பார்த்தார்கள். உடைந்த பல்லில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கொடிக்கயிற்றில் சேர்த்து, பிள்ளைகளை வணக்கம் வைக்கச் சொல்லி, சுத்தியல் கொடியை வேகமாக ஏற்றினார். ஆணையர் நுனிக்காலில் நின்று, கம்பத்தோடு கொஞ்ச தூரம் ஏறி, முகம் குப்புற மண்ணில் விழுந்தார். பல்லின் ஒரு துண்டு மட்டும் கொடியோடு மேலே போனது. வேர் வாயிலேயே இருந்தது. கொடி இறங்கும்வரை துண்டை எடுக்கக் கூடாது என்பதும் விதி.

அதன் பிறகுதான் என்னைத் தேடி வந்தார்கள்.

"பிடுங்குங்க" என்றார் ஆணையர், வாயில் இரத்தம் வழிய.

"கை இல்லையே, ஐயா." மாவுக்கட்டைக் காட்டினேன்.

"வலது கை இருக்குல்ல? வேலை செய்யற கை அதுதானே?"

"எனக்கு அது வேலை செய்யாதுங்க. அந்தக் கையால நான் ஒரு பல்லைக்கூடத் தொட்டதில்லை. மருந்து வேற கிணத்துல கிடக்கு. லாரி வர்ற வரைக்கும் பொறுத்துக்குங்க."

"எல்லாருக்கும் வலது கைதான்! இது உத்தரவு!"

உத்தரவு. என்ன செய்வது? பிள்ளைகளுக்கு அன்று முடிச்சுத் தேர்வு என்பதால் நாற்காலியோடு ஆணையரைக் கட்டும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தார் சுத்தியல். மார்பில் ஒரு முடிச்சு, நெற்றியில் ஒரு முடிச்சு, முழங்காலுக்கு ஒன்று. கொசு கழுத்துப் பக்கம் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது திமிறத் திமிற இறுகும் சார். நல்லாப் போட்டிருக்கேனா?" என்று கேட்டாள். ஆணையர் தலையசைக்கப் பார்த்தார்; முடிச்சு இன்னும் இறுகியது.

வலது கையில் கொறடை எடுத்தேன். சின்ன வயதில் முதன்முதலாகப் பேனா பிடித்த மாதிரி, இரண்டு தடவை மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். பழிவாங்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். சந்தோஷமாகத்தான் இருந்தது, கூடவே பயமாகவும் இருந்தது. முட்டியை அவர் மார்பில் ஊன்றி, பிடித்து, அசைத்து, முறுக்கி இழுத்தேன். ஆணையர் போட்ட அலறலில் காட்டுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பதிலுக்கு ஊளையிட்டது. பல் முழுசாக, வேரோடு, அழகாக வந்தது.

கொசு எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது பக்கத்துப் பல்லு."

உண்மைதான். வலது கையில் எனக்கு எல்லாமே ஒரு பல் தள்ளித்தான் போனது. முத்து மாதிரியான நல்ல பல். "மன்னிச்சுக்குங்க, ஐயா. பழக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனேன். உடைந்த வேர் லேசில் வரவில்லை. துண்டு துண்டாகத் தோண்ட வேண்டியிருந்தது. கொறடு இரண்டு தடவை நழுவி உதட்டைக் கிழித்தது. நாற்காலி சாய்ந்தது; ஆணையரோடு சேர்த்து நிமிர்த்தினோம். எங்கள் இரத்தத்தைப் பார்த்து அசராத சுத்தியல்தான் ஆணையரின் இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தார். பிள்ளைகள் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். அவர்களில் யாருக்கும் பல் பிடுங்கிக்கொண்ட அனுபவம் கிடையாது. விதிப்படி அவர்கள் பஞ்சு வைக்கக் கூடாது. ஆணையர் ஒற்றைக் கண்ணால் அவர்களைப் பார்த்துக் கெஞ்சினார். நன்றாகப் பயிற்சி பெற்ற பிள்ளைகள். ஒருவர்கூட அசையவில்லை.

கடைசித் துண்டும் வந்தது. ஏற்கெனவே ஒரு பல் பிடுங்கிக்கொண்டவன் என்பதால் நானே பஞ்சை அடைத்தேன். முடிச்சுகளை அவிழ்த்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று மூச்சு விட்டேன்.

ஆணையர் எழுந்தார். தள்ளாடினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். எந்தச் செயலும் முடிந்ததும் தலைவருக்கு ஆணையர் சாரணக் குலுக்கல் கொடுத்துப் பாராட்ட வேண்டும். இடது கைக் குலுக்கல். அதை நான் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை. வாய் நிறையப் பஞ்சோடு, கண்ணீர் வழிய, இடது கையை நீட்டினார்.

"ஐயா, வேண்டாங்க! இந்தக் கை ஒடிஞ்சிருக்கு! வலது கை தரேன், பிடிங்க!"

சாரணன் வலது கை தருவதா? அவர் முகத்தில் வந்த அதிர்ச்சி, பல் போனபோதுகூட வரவில்லை. பின்னால் நகரப் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாக விறைத்து நின்றார்கள். போக வழி இல்லை. கழுத்துத் தொங்கலிலிருந்து என் மாவுக்கட்டை உருவி எடுத்து, விதி சொல்லும் அழுத்தத்தோடு பிடித்து, ஒரு தடவை உலுக்கினார். இரண்டாவது தடவை உலுக்கும்போது அந்த ஈர விறகுச் சத்தம் மறுபடியும் கேட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதுவும் விதி.

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. வரிசையை உடைத்துக்கொண்டு கொசு பாய்ந்து வந்தாள். ஆணையரின் இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில் பல்லை இறக்கினாள். அவர் உலுக்கினார், உதறினார், சுற்றினார். அவள் கால் தரையைவிட்டு எழும்பிச் சுழன்றது. வாய் மட்டும் விடவில்லை. என் கையை அவர் விட்ட பிறகுதான் விட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்க அப்பா கை அது" என்றாள். எலும்பு ஒடிந்த வலியில் நான் மண்ணில் கிடந்தேன். ஆனாலும் சொல்கிறேன், அதைவிட நல்ல வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

அப்போதுதான் மயக்கம் தெளிந்து எழுந்த சுத்தியல், ஆணையரின் கையை மரியாதையோடு எடுத்து, அளவுகோல் வைத்துப் பார்த்தார். "மனிதக் கடி. நம்ம சங்கத்துலயே இதான் முதல். ஐயாவுக்குச் சான்று எழுதிடவா?" மகளை நீக்கிவிடுவார்களோ என்று நான் மண்ணில் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணையர் தன் கையைப் பார்த்தார். தன் பெயரில் ஒரு சான்று என்றதும் அந்த வீங்கிய முகம் மெல்ல மலர்ந்தது.

எலும்பு மருத்துவர் சொன்னபடியேதான் நடந்தது. இப்போது என் இடது கையால் கரண்டி பிடிக்கலாம், பூட்டுத் திறக்கலாம். கொறடு பிடிக்க முடியாது. அந்தக் கைதான் என் தொழில். அதை நினைத்து நான் அழுதேன். என் மனைவி கொதித்துப்போய் ஆணையரைப் பார்க்கக் கிளம்பியபோது, அவரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது.

மரத்துப்போகும் மருந்து இல்லாமல் பல் பிடுங்கிக்கொண்ட அனுபவம் சங்கத்தில் இப்போது ஆணையருக்கு மட்டும்தான் இருக்கிறதாம். மேலே இருப்பவருக்கு உள்ள அனுபவம் கீழே இருப்பவர்களுக்கு இல்லாமல் போவது ஒழுக்கக் குறைவாம். எனவே துணை ஆணையர்கள், செயலாளர்கள், விதிகள் எழுதிய குழுவின் உறுப்பினர்கள் எல்லாரும் உடனடியாக அனுபவம் பெற வேண்டுமாம். பிடுங்க வேண்டியவர், ஏற்கெனவே பிடுங்கிய அதே மருத்துவர்.

இன்று காலை கிளினிக்கைத் திறந்தபோது வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. அத்தனை பேர் மார்பிலும் பதக்கங்கள். என் மனைவி 'விடுமுறை' அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, "ஒவ்வொருத்தரா வாங்க. தள்ளாதீங்க, எல்லாருக்கும் கிடைக்கும்" என்றாள். கொசுவும் அவளுடைய கூட்டமும் தோளில் கயிற்றோடு நாற்காலிக்குப் பக்கத்தில் அணிவகுத்து நின்றார்கள்.

முதலில் வந்தவர், விதிகளைத் தன் கையாலேயே எழுதிய குழுத் தலைவர். பிள்ளைகள் அவரை இறுக்கிக் கட்டினார்கள். "எந்தப் பல்லுங்க டாக்டர்?" என்று கேட்டார் அவர்.

வலது கையில் கொறடை எடுத்தேன். இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

"வாயைத் திறங்க. பிடுங்கினதுக்கு அப்புறம் தெரிஞ்சிடும்."